ஆவாரைக்கும் ஓர் அளவுகோல்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், தமிழகத்தின் வட எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது ஆரம்பாக்கம். கிழக்கே பழவேற்காடு ஏரி; வடக்கே ஆந்திரம். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அதன் கடைத்தெருவில், வலைக்கயிறும் உப்பும் விற்கும் கடைகளிலேயே தவறாமல் கிடைக்கும் இன்னொரு பொருள் 'சர்க்கரைப் பொடி'. ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, வெந்தயம், பாகல், வேங்கைப் பட்டை ஆகியவற்றுள் சிலவற்றைக் கலந்து அரைத்த பொடி அது. எவற்றை, எந்த அளவில் கலந்தார்கள் என்பது பல பொட்டலங்களில் இருப்பதில்லை. 'பக்கவிளைவு அற்றது' என்ற வாசகம் மட்டும் எல்லாப் பொட்டலங்களிலும் இருக்கிறது.

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற நான், ஏரிக்கரைக் குப்பங்களில் குடும்பங்களின் வரவு செலவைக் கேட்டறிந்து குறித்துக்கொள்வதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். மருத்துவச் செலவு என்ற இடத்துக்கு வரும்போது ஒரு புதிர் எழுகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு நாள் இறால் விற்ற காசைக் கொடுத்துப் பொடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் கேட்டால் விடை ஏறக்குறைய ஒன்றுதான்: "மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும் சார், இது வெறும் பச்சிலைதானே!"

நகரத்தில் மேசை முன் அமர்ந்து வேலை செய்பவருக்கு இந்தத் தெரிவின் விளைவு மெல்லத்தான் வரும். ஏரியை நம்பி வாழ்பவருக்கு அவ்வாறன்று. பழவேற்காட்டில் ஆண்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி வலை ஊன்றுகிறார்கள். இருளர் பெண்கள் நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். சேற்றுக்குள் சிப்பி ஓடுகள் கத்தி முனைபோல் கிடக்கின்றன. கட்டுப்படாத சர்க்கரை, கால் நரம்புகளின் உணர்வை மரக்கச் செய்கிறது. வெட்டுப்பட்டது தெரியாது, தெரியும்போது புண் எலும்பை எட்டியிருக்கும். விரலையோ பாதத்தையோ இழந்தவருக்கு ஏரியில் வேலை இல்லை. ஆகவே, பொடி உண்மையில் வேலை செய்கிறதா என்பது இங்கு ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரக் கேள்வி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது; மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உண்டு. ஆரம்பாக்கத்துப் புதிர் நாட்டின் புதிர்.

இதற்கு இரண்டு எளிய விடைகள் புழங்குகின்றன. பச்சிலை எல்லாம் மூடநம்பிக்கை என்பது ஒன்று. முன்னோர் சொன்னதற்குச் சோதனை எதற்கு என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே தவற்றைச் செய்கின்றன: எண்ணிப் பார்க்க மறுக்கின்றன.

முதல் விடையைப் பொய்யாக்குவது, சுகாதார நிலையத்தில் கொடுக்கப்படும் அந்த மாத்திரையேதான். மெட்பார்மினின் வரலாறு 'கலேகா' என்னும் ஐரோப்பியச் செடியில் தொடங்குகிறது. அச்செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது. ஆனால் அது நச்சுத்தன்மை உடையது. அதே வகைச் சேர்மமான மெட்பார்மினை 1922-இல் டப்ளினில் இரு வேதியியலாளர்கள் தயாரித்தனர். 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளிடம் அதன் பயனை வெளியிட்டார். இதே குடும்பத்தில் பிறந்த பென்பார்மின், இரத்தத்தில் அமிலம் பெருகி உயிர்ப்பலி ஏற்படுத்தியதால் 1970-களின் பிற்பகுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. உடன்பிறந்த இரண்டில் ஒன்று கொன்றது, ஒன்று காத்தது. எது எது என்பதைச் செடியின் பெயர் சொல்லவில்லை. பல்லாண்டுக் கணக்கெடுப்புதான் சொன்னது. மெட்பார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுற்றவருக்கு அளவைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும், அவ்வளவே. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை.

இரண்டாவது விடைக்கு வருவோம். நம் ஊர்ச் செடிகளை எவரும் சோதிக்கவில்லை என்பது உண்மையன்று. சென்னை தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் இ.ஆர்.பி. சண்முகசுந்தரம் குழுவினர் சிறுகுறிஞ்சான் இலைச் சாற்றை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து, 1990-இல் முடிவுகளை வெளியிட்டனர். நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் சாறு. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேர். வழக்கமான மாத்திரையுடன் சேர்த்து 18 முதல் 20 மாதங்கள். சர்க்கரை குறைந்தது, மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது, ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. இன்று உலகெங்கும் விற்பனையாகும் சிறுகுறிஞ்சான் மாத்திரைகளின் விளம்பரங்கள் சுற்றி வளைத்து இந்த ஆய்வைத்தான் சுட்டுகின்றன.

அது மதிக்கத்தக்க தொடக்கம். ஆனால் தொடக்கம் முடிவாகாது. யாருக்குச் சாறு, யாருக்கு வெறும் மாத்திரை என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை. மருந்து போலவே தோன்றும் வெற்று மருந்தும் கொடுக்கப்படவில்லை. இது ஏன் முக்கியம்? மனிதர் பெரும்பாலும் சர்க்கரை உச்சத்தில் இருக்கும்போதுதான் புதிய மருந்தைத் தேடுகிறார். உச்சத்தில் இருக்கும் எந்த அளவும் தானாகவே சற்று இறங்கும் இயல்புடையது. கூடவே அச்சத்தால் அவர் இனிப்பைக் குறைக்கிறார், நடக்கத் தொடங்குகிறார். மூன்று மாதம் கழித்து இறங்கிய கணக்கெல்லாம் பொடியின் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. நோயாளிகளை இரு குழுவாகக் குலுக்கிப் பிரித்து, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் எது மருந்து எனத் தெரியாமல் நடத்தினால்தான் பொடியின் பங்கு தனியே பிரியும்.

அப்படி நடத்த முடியும் என்பதற்கு அண்டை நாடான இலங்கை சான்று. ஆவாரைக் குடிநீரில் சேரும் கடலழிஞ்சிலை அங்கே கொத்தல ஹிம்புட்டு என்பர். அதன் மரத்தில் கடைந்த குவளையில் இரவு நீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது வழக்கம். அதைச் சேர்த்த தேநீரை 51 நோயாளிகளிடம், வெற்றுத் தேநீரோடு ஒப்பிட்டு, இருதரப்பும் அறியாத முறையில் சோதித்து 2005-இல் வெளியிட்டனர். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, வெற்றுத் தேநீருக்குப் பின் 6.65 சதவீதம், மூலிகைத் தேநீருக்குப் பின் 6.29. பயன் உண்டு, ஆனால் சிறிது. மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லும் எண் அல்ல இது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் வேங்கைப் பட்டைச் சாற்றைப் பல மையங்களில் சோதித்தது. 1998-இல் வெளியான முதல் ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 97 பேரில் 67 பேருக்குப் பன்னிரண்டு வாரங்களில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இது ஊக்கம் தரும் செய்தி. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு. நோயும் தொடக்க நிலையில் இருந்தது. பாகற்காயைப் பற்றிய உலக ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2012-இல், நான்கு சோதனைகளையும் 479 பேரையும் கணக்கில் எடுத்து, முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது.

இதுவரை சொன்னது பயனைப் பற்றி. நீண்டகாலப் பாதுகாப்பு அதைவிடக் கடினமான கேள்வி. நீரிழிவு மருந்தைப் பத்து நாளில் நிறுத்த முடியாது. முப்பது ஆண்டுகள் உண்ண வேண்டும். புள்ளியியலில் ஓர் எளிய விதி உண்டு. ஒரு மருந்தை உண்ட எவருக்கும் தீங்கு நேரவில்லை என்றால், உண்மையான தீங்கு விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கக்கூடும் என்பதை, மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து மதிப்பிடலாம். 22 பேரில் ஒருவருக்கும் தீங்கில்லை என்றால்கூட, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குத் தீங்கு நேரும் வாய்ப்பை நாம் விலக்க முடியாது. ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டுமே நேரும் தீங்கை விலக்க மூவாயிரம் பேரைக் கவனித்திருக்க வேண்டும். ஆயிரத்தில் ஒருவர் சிறிய எண்ணாகத் தோன்றலாம். நாட்டின் நீரிழிவு நோயாளிகள் அனைவரும் உண்டால் அது ஒரு லட்சம் பேர்.

'தலைமுறை தலைமுறையாக உண்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே' என்பர். உடனே வரும் தீங்கை அனுபவம் கண்டுகொள்ளும். பத்தாண்டு கழித்து வரும் தீங்கை அதனால் காண முடியாது. அதற்குள் காரணமும் விளைவும் ஒன்றையொன்று மறந்திருக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்பதற்காகச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி ஒன்று கலந்துவிட்டதே காரணம். பின்னர் சிறுநீரகம் அகற்றப்பட்ட 39 பேரை ஆராய்ந்தபோது, 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் இருந்ததை 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இவ்வினச் செடிகள் சேர்ந்த மருந்துகளை முதல் தரப் புற்றுநோய்க் காரணிகளாக 2002-இல் அறிவித்தது. இந்த இனத்தைச் சேர்ந்தவைதாம் நம் ஊரின் ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்துக் கொடியும். ஆடு தின்னாததைக் கவனித்துப் பெயரிட்ட முன்னோரின் கூர்மையை வியக்கலாம். அதன் சிறுநீரக விளைவைக் காண அவர்களிடம் கருவி இல்லை.

செடியை அடையாளம் காண்பதே முதல் சோதனை என்பதையும் இது உணர்த்துகிறது. எல்லையோரத்தில் ஒரே செடிக்குத் தமிழில் ஒரு பெயர், தெலுங்கில் வேறு பெயர். சிறுகுறிஞ்சான் அங்கே பொடபத்ரி. சீந்தில் கொடி உண்டு கல்லீரல் பாதிக்கப்பட்ட 43 நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 2022-இல் எழுதினர். சீந்திலைப் போன்ற வேறு இனத்தோடு குழப்பம் நேர்ந்திருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் வாதிட்டு வந்தது. யார் வாதம் சரியாயினும், கடையில் பொடி வாங்குகிறவருக்கு ஆபத்து ஒன்றுதான். இலையைப் பார்த்தால் இனம் தெரியும். அரைத்த பிறகு ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

கலப்படம் இன்னொரு பக்கம். 'இயற்கை மூலிகை' என்று விற்கப்பட்ட ஐந்து நீரிழிவு மருந்துகளில் கிளைபுரைடு, பென்பார்மின் ஆகிய ஆங்கில மருந்துகள் ஒளிந்திருந்ததை 2000-இல் கலிபோர்னியா அதிகாரிகள் கண்டுபிடித்தனர். பொடி 'உடனே கேட்கிறது' என்றால் மகிழ்வதற்கு முன் ஐயப்பட வேண்டும்.

நீண்டகாலப் பாதுகாப்பு மூலிகைக்கு மட்டும் கேட்கப்படும் கேள்வி அன்று. 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரோசிகிளிட்டசோன், சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் மாரடைப்பைக் கூட்டுகிறது என்ற ஐயம் 2007-இல் எழுந்தது. இந்தியா 2010-இல் அதைத் தடை செய்தது. அந்த ஐயம் பின்னர் மறு ஆய்வில் தளர்ந்தாலும், அது ஒரு நல்ல விதியைப் பிறப்பித்தது: புதிய நீரிழிவு மருந்துகள் இதயத்துக்குத் தீங்கிழைக்காது என்று காட்ட வேண்டும் என 2008-இல் அமெரிக்க ஒழுங்காணையம் கோரியது. அக்கோரிக்கையை ஒட்டி 7,020 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட எம்பாகிளிப்ளோசின், தீங்கு செய்யாததோடு இதய நோய் மரணங்களையும் வெகுவாகக் குறைக்கிறது என்று 2015-இல் தெரியவந்தது. அதன் மூதாதை, 1835-இல் ஆப்பிள் மர வேர்ப்பட்டையில் பிரித்தெடுக்கப்பட்ட ப்ளோரிசின். கடுமையாகச் சோதித்ததால்தான், ஒரு மரப்பட்டையில் தொடங்கிய அறிவு இதயத்தைக் காக்கும் மருந்தாக முடிந்தது.

நம் செடிகளுக்கு ஏன் இது நிகழவில்லை? இங்குதான் பொருளாதாரம் வருகிறது. ஆவாரைக்குக் காப்புரிமை பெற முடியாது, பெறவும் கூடாது. கோடிக்கணக்கில் செலவிட்டு ஒரு நிறுவனம் அதன் பயனை மெய்ப்பித்தால், மறுநாள் எல்லா நிறுவனங்களும் அச்சான்றைக் காட்டி விற்கும். செலவு ஒருவருக்கு, பயன் அனைவருக்கும் என்றால் தனியார் முதலீடு வராது. சான்று என்பது பொதுப்பண்டம். மறுபுறம், வாங்குபவரால் உண்ட பிறகும் தரத்தை அறிய முடியாத சந்தையில் நல்ல சரக்கை மட்டச் சரக்கு விரட்டிவிடும் என்பதை 1970-இல் ஜார்ஜ் அகர்லாப் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கி, பின்னர் நோபல் பரிசும் பெற்றார். கவனமாகச் செடி தேர்ந்து, நிழலில் உலர்த்தி, அளவோடு மருந்து செய்யும் சித்த மருத்துவரும், எதையோ அரைத்துப் பொட்டலம் கட்டுபவரும் ஒரே அலமாரியில் அமர்ந்தால், இழப்பு முதலாமவருக்கே. சோதனையை முதலில் கோர வேண்டியவர்கள் நேர்மையான சித்த மருத்துவர்கள்.

நாவல், பாகல், கத்தரி, சிறுகுறிஞ்சான் ஆகியவற்றின் கலவைக்கு நீரிழிவு மருந்தாக 1999-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டபோது நாடு கொதித்தது, கொதித்தது சரியே. மஞ்சளுக்கான காப்புரிமையை 1997-இல் போராடி நீக்கினோம். மரபறிவு மின்நூலகத்தை உருவாக்கினோம். அறிவு நமக்குச் சொந்தம் என நிலைநாட்டுவதில் காட்டிய முனைப்பில் ஒரு பங்கை, அந்த அறிவு எந்த அளவுக்குச் சரி என்று காண்பதில் காட்டியிருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. 2010-இல் மருந்து விதிகளில் சேர்க்கப்பட்ட 158-பி, மரபு நூல்களில் உள்ள மருந்தை அதே முறையில், அதே நோய்க்குச் செய்தால் தனிப் பாதுகாப்புச் சோதனை கேட்பதில்லை. வேறு கரைப்பான்களால் பிரித்த சாறுகளுக்குக் குறுகிய கால, நீண்டகால நச்சுத்தன்மைச் சோதனைகளைக் கோருகிறது. இந்த வேறுபாட்டில் பொருள் உண்டு. கொதிக்கவைத்த குடிநீரில் இறங்கும் பொருள் ஒன்று. சாராயத்திலோ வேறு கரைப்பானிலோ செறிவாக இறங்குவது வேறு. பாட்டி காய்ச்சிய கஷாயத்தின் நற்பெயரைக் கைப்பிடிச் செறிவு மாத்திரைக்குக் கடனாகக் கொடுக்க முடியாது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் நீரிழிவுத் துறைகள் இருக்கின்றன. இம்மூன்றும் சேர்ந்து, ஆவாரைக் குடிநீர் போன்ற ஓரிரு மருந்துகளைத் தேர்ந்து, மாத்திரையோடு துணை மருந்தாக, வெற்று மருந்துடன் ஒப்பிட்டு, குறைந்தது இரண்டாண்டு, சில ஆயிரம் பேரிடம் பொதுப் பணத்தில் சோதிக்கலாம். கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளைத் தொடர்ந்து செய்ய வேண்டும். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்து, முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் வெளியிட வேண்டும்.

இரண்டாவது யோசனைக்குச் செலவே இல்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் களப் பணியாளர்கள் வீடு தேடி நீரிழிவு மாத்திரை தருகிறார்கள். அவர்களின் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்து, 'வேறு பொடி, கஷாயம் உண்கிறீர்களா, எது?' என்று கேட்டுக் குறிக்கலாம். கடிந்துகொள்ளாமல் கேட்டால் மக்கள் சொல்வார்கள். ஐந்தாண்டில், எந்தப் பொடியை உண்டவருக்கு என்ன ஆயிற்று என்று காட்டும் கருவூலம் நம் கையில் இருக்கும்.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதன்று. ஏரி எல்லோருக்கும் பொது. ஆனால் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை ஊன்றலாம் என்பதைப் 'பாடு' என்னும் முறை வைத்து அவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். பொதுச் சொத்து விதியால்தான் நிலைக்கும் என்பதை அவர்கள் நடைமுறையில் அறிவார்கள். மூலிகை அறிவும் அத்தகைய பொதுச் சொத்தே. அதற்கான விதி சோதனை.

அதுவரை என்ன செய்வது? கஷாயம் குடிக்க விரும்புகிறவர் குடிக்கட்டும். ஆனால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மாத்திரையையோ இன்சுலினையோ அதற்காக நிறுத்த வேண்டாம். இரண்டும் சேர்ந்து சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடக்கூடும்; மயக்கமும் வியர்வையும் வந்தால் உடனே இனிப்பு உண்ண வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சராசரிச் சர்க்கரையையும், ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரகத்தையும் கண்ணையும் சோதிக்க வேண்டும். ஏரியிலிருந்து கரையேறியதும் நல்ல நீரில் காலைக் கழுவி, பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கு உட்படப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். எந்தப் பொடியை நம்புகிறவரும், எந்த மாத்திரையை உண்பவரும் இன்று மாலையே தொடங்கக்கூடிய சோதனை அது.